ஓர் அறையில் மூன்று வகுப்பு

கேள்வி: ஆறு, ஏழு, எட்டு மூன்றும் சேர்த்து எங்கள் பள்ளியில் 17 பிள்ளைகள். கணக்குக்கு நான் ஒருவர்தான். 45 நிமிடப் பாடவேளையை மூன்றாகப் பிரித்து எடுக்கிறேன். எந்த வகுப்பும் தேறவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: மூன்றாகப் பிரிப்பதில்தான் சிக்கலே. 15 நிமிடம் புதுக் கணக்கை விளக்கவே சரியாகிவிடும். பிள்ளைகள் போடுவதைப் பார்த்துத் திருத்த நேரம் இருக்காது. மற்ற இரு வகுப்பும் உங்களுக்காகக் காத்துக் கிடக்கும்.

ஒரு நாளைக்கு ஒரு வகுப்புக்கு மட்டும் புதுப்பாடம் எடுங்கள். மற்றவர்களுக்கு, முன்பு நடத்தியதில் பயிற்சி. முதல் 5 நிமிடம் பயிற்சிக்காரர்களுக்குத்தான்: அவர்கள் முதல் கணக்கைத் தொடங்கிவிட்டதைப் பார்த்த பிறகே புதுப்பாடத்துக்குப் போங்கள். அங்கே 25 நிமிடம். மீதி 15 நிமிடம் மூன்று பக்கமும் நடந்து நோட்டுகளைப் பாருங்கள். இந்த நடையை மட்டும் விட்டுவிடாதீர்கள். தவறான வழி பழகிப்போகுமுன் பிடிபடுவது இங்கேதான்.

பயிற்சி அட்டைக்கு 8 கணக்கு போதும்: நன்றாகத் தெரிந்தவை 2, அண்மையில் படித்தவை 4, யோசிக்க வைப்பவை 2. பின்புறம் இறுதி விடையை மட்டும் எழுதுங்கள். வழிமுறையும் இருந்தால் அப்படியே பார்த்து எழுதிவிடுவார்கள். சந்தேகம் வந்தால் முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க வேண்டும், தீராவிட்டால் அடுத்த கணக்குக்குப் போக வேண்டும். நீங்கள் வரும்போது உங்களிடம் கேட்கலாம். இதை முதல் வாரமே பழக்காவிட்டால் 25 நிமிடமும் துண்டு துண்டாகிவிடும்.

அறிவியலுக்கு வேறு வழி உண்டு. பாடத்திட்டம் இடம் கொடுத்தால் ஆறையும் ஏழையும் சேர்த்து, இந்த ஆண்டு ஒரு வகுப்பின் பாடங்களை இருவருக்கும், அடுத்த ஆண்டு மற்றதை நடத்தலாம். கணக்குக்கு இது ஒத்துவராது. பின்னம் தெரியாமல் விகிதம் ஏறாது. நடுவில் பள்ளி மாறும் பிள்ளைக்கு, முடித்த பாடங்களின் பட்டியலைக் கட்டாயம் கொடுத்தனுப்புங்கள்.

கொலம்பியாவின் கிராமங்களில் 1970களில் தொடங்கிய ‘எஸ்குவேலா நுவேவா’ முறையில், பிள்ளைகள் வழிகாட்டி ஏடுகளைக் கொண்டு தம் வேகத்தில் படிக்கிறார்கள். அறுவடைக்குப் போய்த் திரும்பும் பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். உங்கள் அட்டைகளுக்கும் வரிசை எண் போட்டு வையுங்கள், அதே வசதி கிடைக்கும்.

கேள்வி: ஏழாம் வகுப்புக்கு வந்தும் சில பிள்ளைகள் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். முதல் வகுப்புப் புத்தகத்தைக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். 12 வயதுப் பிள்ளைக்கு அது அவமானம், வாயையே திறக்காது. வயதுக்கேற்ற விஷயத்தைச் சிறு வாக்கியங்களில் நீங்களே எழுதிக் கொடுங்கள். 100 சொல் பகுதியில் பத்துக்கு மேல் தடுக்கினால் அது கடினம், இன்னும் எளிதாக்குங்கள். நீங்கள் ஒருமுறை வாசித்துக் காட்டியபின், ஒரே பகுதியை மூன்று நான்கு முறை வாசிக்கட்டும். தினமும் 15 நிமிடம், தனியாக. வகுப்பின் முன் நிறுத்தி வாசிக்கச் சொல்லாதீர்கள்.