ஆங்கில வாக்கியம் அமைக்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இது: "பன்னிரண்டு காலங்களையும் மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனாலும் ஆங்கிலத்தில் பிழையில்லாமல் நான்கு வாக்கியம் எழுத வரவில்லை. இலக்கணத்தை எங்கிருந்து தொடங்க வேண்டும்?"

காலங்களின் அட்டவணையை இப்போதைக்கு மூடி வையுங்கள். நானும் அதில்தான் தொடங்கினேன், நாட்கள் போனதுதான் மிச்சம். என் பழைய நோட்டை ஒருநாள் எடுத்துத் திருத்திப் பார்த்தபோது, பிழைகளில் பெரும்பாலானவை ஒரே வகையாக இருந்தன: சொல் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அதனால் என்னைக் கேட்டால், முதல் பாடம் சொல்லின் இடம்.

'சிங்கம் வேடனைக் கொன்றது' என்றாலும், 'வேடனைச் சிங்கம் கொன்றது' என்றாலும் செத்தது வேடன்தான். 'ஐ' என்ற உருபு அவனோடு ஒட்டிக்கொண்டு, அவன் வாக்கியத்தில் எங்கே போனாலும் கூடவே போகிறது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அப்படி ஓர் உருபு கிடையாது. 'த லயன் கில்டு த ஹன்டர்' என்பதில் லயனையும் ஹன்டரையும் இடம் மாற்றிப் பாருங்கள், செத்தது சிங்கம் ஆகிவிடும். வினைக்கு முன்னால் இருப்பது எழுவாய், பின்னால் இருப்பது செயப்படுபொருள். நம் இரண்டாம் வேற்றுமை செய்கிற வேலையை அங்கே இடம் செய்கிறது.

ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் வேற்றுமை விகுதிகள் இருந்தன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில், வேடன் கொன்றானா கொல்லப்பட்டானா என்பது சொல்லின் வடிவத்திலேயே தெரியும். அப்புறம் சொற்களின் கடைசி அசைகள் தேய்ந்து மறைந்தன, சொல்வரிசை இறுகியது. 'ஹீ' என்பது 'ஹிம்' ஆவதும், 'ஷீ' என்பது 'ஹெர்' ஆவதும் அந்தப் பழைய வழக்கத்தின் மிச்சம்.

அடுத்தது எழுவாய். 'வந்தேன்' என்று ஒரே சொல்லில் நாம் முடித்துவிடலாம். யார் வந்தது என்பது விகுதியில் இருக்கிறது. 'கேம்' என்று மட்டும் சொன்னால் வந்தது நானா, அவளா, அவர்களா என்று தெரியாது. அதனால் கட்டளை வாக்கியம் தவிர மற்ற இடங்களில் ஆங்கிலம் எழுவாயை விடுவதே இல்லை. மழை பெய்தாலும் 'இட் இஸ் ரெய்னிங்' என்கிறது. அந்த 'இட்' எந்தப் பொருளையும் சுட்டவில்லை, எழுவாயின் இருக்கை காலியாக இருக்கக் கூடாது என்று வந்து உட்கார்ந்திருக்கிறது. வினையும் இப்படித்தான். 'அவர் மருத்துவர்' என்பது நமக்கு முழு வாக்கியம், பெயரே பயனிலையாகிவிடுகிறது. 'ஹீ டாக்டர்' என்பது அங்கே பாதி வாக்கியம். 'ஹீ இஸ் எ டாக்டர்' என்று சொல்லியாக வேண்டும்.

தமிழ் பேசுகிறவர்கள் நின்று கவனிக்க வேண்டிய இடம் 'எனக்கு' என்று தொடங்கும் வாக்கியங்கள். 'எனக்குத் தெரியும்', 'எனக்குப் பிடிக்கும்', 'எனக்குத் தலை வலிக்கிறது'. அறிவும் விருப்பமும் வலியும் தமிழில் நம்மை வந்து சேர்கின்றன, நாம் நான்காம் வேற்றுமையில் நிற்கிறோம். ஆங்கிலம் இந்த மூன்றிலும் 'நான்' என்பதை எழுவாயாக்கி முன்னால் நிறுத்திவிடும்: ஐ நோ, ஐ லைக் இட், ஐ ஹேவ் எ ஹெட்ஏக். மனதில் 'எனக்கு' என்று ஒரு வாக்கியம் எழும்போதெல்லாம் ஒரு கணம் நின்று, ஆங்கிலத்தில் இங்கே யார் எழுவாய் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு பழக்கம் எனக்குப் பல பிழைகளைக் குறைத்தது.

'எ', 'த' இரண்டும் தமிழனுக்கு வராது என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 'புத்தகம் வாங்கினேன்' என்பதற்கும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குப் பிறப்பிலேயே தெரியும். முதலாவது ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவது, கேட்பவருக்கும் எது என்று தெரிந்த புத்தகம். 'ஐ பாட் எ புக்', 'ஐ பாட் த புக்' இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஏறக்குறைய இதே உணர்வு. எல்லா வாக்கியத்திலும் இந்த ஒப்புமை பொருந்தாது. ஆனால் கேட்பவர் 'எந்தப் புத்தகம்?' என்று கேட்க வேண்டியிருக்குமா என்று யோசித்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். கேட்க வேண்டியிருந்தால் 'எ', தேவையில்லை என்றால் 'த'.

நீளமான தொடர்களுக்கு ஒரு கண்ணாடியை நினைத்துக்கொள்ளுங்கள். 'நேற்று நான் சந்தித்த ஆசிரியர்' என்பது 'த டீச்சர் ஐ மெட் யெஸ்டர்டே' ஆகிறது. நாம் கடைசியில் சொல்லும் ஆசிரியர் அங்கே முதலில் வருகிறார், நாம் முதலில் சொன்ன நேற்று கடைசிக்குப் போகிறது. 'மேசையின் மேல்' என்பதில் 'மேல்' பின்னால் வருகிறது, 'ஆன் த டேபிள்' என்பதில் 'ஆன்' முன்னால் நிற்கிறது. முக்கியமான சொல்லை நாம் கடைசி வரை வைத்திருப்போம், அவர்கள் முதலிலேயே கொடுத்துவிடுவார்கள்.

கேள்வி கேட்க நமக்கு ஒரு 'ஆ' போதும். ஆங்கிலத்தில் அதற்கும் இடமாற்றம்தான்: 'ஹீ இஸ்' என்பது 'இஸ் ஹீ' ஆகும். முன்னால் கொண்டுவரத் துணைவினை இல்லாவிட்டால் 'டூ' அல்லது 'டிட்' வரும். 'டிட் யூ வென்ட்' என்று எழுதாதீர்கள். இறந்தகாலம் 'டிட்' என்பதிலேயே வந்துவிட்டது, அதனால் 'டிட் யூ கோ' என்பதே சரி.

சரி, இனி காலங்கள். பன்னிரண்டு என்று பயப்பட வேண்டாம். மூன்று காலங்கள், ஒவ்வொன்றிலும் செயல் நிற்கும் நான்கு நிலைகள், அவ்வளவுதான். 'நேற்று' என்று நாள் குறித்துவிட்டால் 'ஐ ஹேவ் சீன்' வராது, 'ஐ சா' என்று எளிமையாகச் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வையுங்கள்.

நாளைக்கே தொடங்க வேண்டுமானால், அன்றைக்கு நீங்கள் உண்மையிலேயே பேசிய ஐந்து தமிழ் வாக்கியங்களை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் முதலில் வினையைக் கண்டுபிடித்து அடிக்கோடிடுங்கள். அதன் எழுவாய் விகுதியில் ஒளிந்திருந்தால் வெளியே எடுத்துத் தனிச்சொல்லாக எழுதுங்கள். அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் எழுவாய், வினை, மற்றவை என்ற வரிசையில் வையுங்கள். முதல் வாரம் காலம் தவறினாலும் கவலைப்படாமல் எழுதுங்கள்.