போன் மட்டும் இருந்தால் போதுமா?

கேள்வி: மேடம், நான் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு. பள்ளியில் தமிழ்வழி. இந்த செமஸ்டரில், ஐ.ஐ.டி.கள் நடத்தும் இணையப் பாடத் தளமான என்.பி.டி.இ.எல்.லில் 12 வாரப் பாடம் ஒன்றுக்குப் பதிவு செய்திருக்கிறேன். லேப்டாப் கிடையாது, போன்தான். என்னால் முடியுமா?
- வாசகர், அரூர்

பதில்: முடியும் தம்பி. வீடியோ பார்க்கப் போனே போதும். ராத்திரி சிக்னல் விட்டு விட்டு வரும் ஊர் என்றால், கல்லூரி வைஃபையில் அந்த வாரப் பாடங்களை டவுன்லோடு செய்துகொண்டு வீட்டுக்குப் போங்கள். ஆங்கிலம் பயமாக இருந்தால், நிறையப் பாடங்களின் உரை தமிழிலும் எழுத்தாக இருக்கிறது. உங்கள் பாடத்துக்கு உண்டா என்று முதலில் பாருங்கள்.

நான் சில வருடம் இந்தப் பாடங்களுக்கு மென்டராக, அதாவது மாணவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தேன். பிள்ளைகள் தடுக்கி விழுந்தது பாடத்தில் இல்லை, வாராவாரம் செய்து அனுப்ப வேண்டிய அசைன்மென்டில்தான். கடைசி நாள் ராத்திரி 11.50க்கு உட்கார்வார்கள், நெட் போய்விடும். காலையில் என் அறை வாசலில் அழுதுகொண்டு நிற்பார்கள். கெடு முடியும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம், கடைசியாக அனுப்பியதுதான் கணக்கு. அதனால் தெரிந்த வரைக்கும் இரண்டு நாள் முன்னாடியே அனுப்பிவிடுங்கள், அப்புறம் திருத்திக்கொள்ளலாம். 12 வாரத்தில் சிறந்த 8 அசைன்மென்டின் சராசரிக்கு 25 மார்க், தேர்வுக்கு 75. சான்றிதழ் வேண்டுமானால் 25க்கு 10, 75க்கு 30 எடுத்தாக வேண்டும். ஒரு வாரம் விட்டுப்போனால் பாடத்தையே விட்டுவிடாதீர்கள். அப்படி விட்ட நல்ல பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கேட்பதில்லை.

இன்னொன்று. தேர்வு போனில் இல்லை, மையத்துக்குப் போய்க் கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். என் மாணவி ஒருத்தி, அசைன்மென்ட் எல்லாவற்றிலும் முழு மார்க். தேர்வன்று திரையை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறாள், ஒன்றும் நகரவில்லை. மவுஸ் பிடிக்கப் பழகவே கால் மணி நேரம் போயிற்றாம். அவளிடம் அதை முன்பே கேட்காதது என் தவறு. உங்கள் துறைத் தலைவரிடம் சொல்லி, வாரம் ஒரு மணி நேரம் லேபில் உட்காரக் கேளுங்கள். ஒரு அசைன்மென்டையாவது அங்கே செய்யுங்கள்.

புரியாததைக் கேட்க அந்தத் தளத்திலேயே இடம் இருக்கிறது. உங்களுக்கு வரும் ஆங்கிலத்திலேயே கேளுங்கள், போதும்.

சரி, முதல் அசைன்மென்டில் எத்தனை மார்க் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.