ட்ரை-ஆங் (பழைய பிரிட்டிஷ் பொம்மை ரயில் நிறுவனம்) காலத்து எக்ஸ்04 மோட்டார் போட்ட மாடல் ரயில் என்ஜின் சூடாகித் திணறுகிறது, மோட்டாரையே மாற்றிவிடலாமா?

வேண்டாம். அந்த மோட்டாரைச் சரிசெய்வதே மலிவு, சரிசெய்த பின் அது நன்றாகவும் ஓடும். நீங்கள் எழுதியிருப்பது மூன்று குறைகள்: ஜின்டி என்ற உங்கள் சிறிய என்ஜின் தனியாக ஓடினால் பறக்கிறது, நான்கு பெட்டி மாட்டினால் திணறுகிறது, பத்து நிமிடத்தில் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது. மூன்றும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் காந்தத்தின் மேல்தான். ஆனாலும் காந்தத்தை வாங்கும் முன் அழுக்கையும் இறுக்கத்தையும் விலக்கிப் பார்த்துவிட வேண்டும். அவையும் இதே மாதிரி சூட்டைக் கிளப்பும்.

முதல் வேலை அளப்பது. மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கண்ட்ரோலரிலிருந்து (தண்டவாளத்துக்கு மின்சாரம் தந்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வரும் ஒரு வயரை வெட்டி நடுவில் தொடராக இணையுங்கள். என்ஜினைத் தலைகீழாகத் துணியில் வைத்து 12 வோல்ட் கொடுங்கள். நல்ல நிலையில் உள்ள எக்ஸ்04, சுமை இல்லாமல் ஏறக்குறைய 0.2 முதல் 0.35 ஆம்பியர் எடுக்கும். அரை ஆம்பியரைத் தாண்டினால் ஏதோ கோளாறு. இந்த எண்ணைக் குறித்து வையுங்கள். ஒவ்வொரு வேலை முடிந்ததும் மறுபடி அளந்தால், எது பயன் தந்தது என்று உடனே தெரியும்.

அடுத்தது அழுக்கு. இந்த மோட்டாரில் ஆர்மேச்சருக்கு (சுருள் சுற்றிய சுழலும் பகுதி) மூன்று துருவம், அதன் முனையில் மின்சாரத்தை வாங்கும் வளையமான கம்யூட்டேட்டரில் மூன்று செப்புத் துண்டு. துண்டுகளுக்கு இடையே உள்ள மெல்லிய வெட்டில் கார்பன் தூளும் பழைய எண்ணெயும் குழைந்து ஒரு கரும்பசை படியும். அந்தப் பசை மின்சாரத்தைக் கடத்தும், அதனால் ஒரு பகுதி மின்னோட்டம் சுருளுக்குப் போகாமலே குறுக்கே பாய்ந்து வீணாகும். கம்யூட்டேட்டரைத் தொட்டு மின்சாரம் கொடுக்கும் கார்பன் துண்டுகளான பிரஷ்களைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் செம்பு பளிச்சிடும்வரை துடையுங்கள். வெட்டுகளைப் பல் குத்தும் மரக்குச்சியால் கீறி எடுங்கள். ஊசி செம்பில் பிசிறு எழுப்பும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்.

பிரஷ்கள் வெளியே இருக்கும்போதே ஆர்மேச்சரையும் சோதித்துவிடலாம். மூன்று துண்டுகளை இரண்டிரண்டாக எடுத்து ஓம் அளவு பாருங்கள். மூன்று அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகினால் சுருளில் உள்ள கம்பி அறுந்திருக்கிறது அல்லது உள்ளுக்குள் ஒட்டியிருக்கிறது. எந்தத் துண்டுக்கும் தண்டுக்கும் இடையே தொடர்பு இருக்கவே கூடாது. இந்தச் சோதனையில் தோற்றால் மட்டும்தான் வேறு ஆர்மேச்சர் தேட வேண்டும்.

பிரஷ் 2 மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். திரும்ப மாட்டும்போது ஸ்பிரிங்கின் ஒரு கையில் உள்ள சிறிய காப்புக் குழாயைக் கவனியுங்கள். சக்கரத்திலிருந்து வரும் வயர் சேரும் பக்கம் அது. மற்ற பிரஷ் நேரே சட்டத்தோடு சேர்ந்துவிடும், சட்டம் வழியாக மறுபக்கச் சக்கரங்களுக்கு மின்சாரம் போகும். காப்புக் குழாய் தொலைந்தால் முழு ஷார்ட். மெல்லிய வயரின் மேலுறையை 5 மில்லிமீட்டர் உரித்துச் செருகினாலே போதும். ஸ்பிரிங்கை வளைத்து இறுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அதிக அழுத்தம் உராய்வைக் கூட்டிக் கம்யூட்டேட்டரைப் பள்ளமாக்கும். தீப்பொறி நிற்கும் அளவு அழுத்தமே தேவை.

எண்ணெய் விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. தண்டின் இரு முனையிலும் உள்ள ஃபெல்ட் பஞ்சுக்கு, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத மெல்லிய எந்திர எண்ணெய் ஆளுக்கொரு துளி. பிரஷ் பக்கம் இன்னும் குறைவாக. தேங்காய் எண்ணெய் கூடாது. குளிரில் உறைந்து, நாள்பட்டால் பிசினாக மாறும். மோட்டாரின் சுழற்சியை அச்சுக்குக் கடத்தும் வார்ம் கியருக்கு, பிளாஸ்டிக்குக்கு ஒத்துவரும் வெள்ளை கிரீஸ், குச்சி நுனியில் எடுக்கும் அளவு.

இப்போது மோட்டாரைக் கழற்றிவிட்டுச் சட்டத்தை மட்டும் ஒரு கண்ணாடித் தகட்டில் வைத்துச் சாய்த்துப் பாருங்கள். லேசான சரிவிலேயே தடங்கலின்றி உருள வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தயங்கினால், சக்கரங்களைச் சேர்க்கும் இணைப்புத் தண்டு வளைந்திருக்கும், அல்லது இடது, வலது சக்கரங்களுக்கு இடையே இருக்க வேண்டிய 90 பாகைக் கோணம் ஓர் அச்சில் நழுவியிருக்கும். தண்டைக் கழற்றியதும் தடங்கல் போய்விட்டால் காரணம் கோணம் அல்லது தண்டு. போகாவிட்டால் அச்சில் முடியோ நூலோ சுற்றியிருக்கும். பழைய தரைவிரிப்பில் ஓடிய என்ஜின்களில் இது சர்வசாதாரணம்.

இத்தனைக்குப் பிறகும் அரை ஆம்பியருக்கு மேல் காட்டினால் காந்தம்தான். காரணம் இது: சுழலும் மோட்டார் தானே ஒரு எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, உள்ளே வரும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும். காந்தம் வலுவிழந்தால் அந்த எதிர்ப்பு குறையும். அதை ஈடுகட்ட மோட்டார் இன்னும் வேகமாகச் சுற்றும், மின்னோட்டம் ஏறும், ஆனால் முறுக்கு விசை இருக்காது. ஏறிய மின்னோட்டம் முழுக்கச் சுருளில் வெப்பமாகிறது. தனியே பறப்பதும் சுமையில் திணறுவதும் ஒரே நோயின் இரு முகம் என்பது இதனால்தான்.

அந்தக் கால அல்நிகோ காந்தங்கள் வயதால் கெடுவதைவிடப் பிரிப்பதால் கெடுவது அதிகம். இரும்புத் துருவங்களிலிருந்து காந்தத்தை எடுத்தால் காந்தப்புலத்துக்குச் சுற்றிவர வழியில்லாமல் வலிமை சட்டென்று விழும், திரும்ப மாட்டினாலும் மீளாது. அதனால்தான் சுத்தம் செய்யும்போது காந்தத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தொடாமல் செய்யும் முறையைச் சொன்னேன். பழுது பார்க்கும் சிலரிடம் மறுபடி காந்தமேற்றும் கருவி உண்டு. எனக்குப் பிடித்த வழி, எக்ஸ்04-க்கென்றே விற்கும் நியோடிமியம் மாற்றுக் காந்தம். சட்டத்தை வெட்ட வேண்டியதில்லை, பழையதை எடுத்து வைத்துக்கொண்டால், மறுபடி காந்தமேற்றி எப்போது வேண்டுமானாலும் திருப்பலாம். போட்ட பின் மின்னோட்டம் நன்றாக இறங்கும், உச்ச வேகமும் குறையும். பந்தயக் கார் போல ஓடிய ஜின்டி ஒரு ஷண்டிங் என்ஜினுக்குரிய (நிலையத்தில் பெட்டிகளை மெதுவாக நகர்த்திச் சேர்க்கும் என்ஜின்) நடையில் போகும்.

கவனிக்க இரண்டு. வலது தண்டவாளம் நேர்முனையாக இருக்கும்போது என்ஜின் முன்னோக்கிப் போக வேண்டும் என்பது மரபு. பின்னோக்கிப் போனால் காந்தத்தைப் புரட்டிப் போடுங்கள். அடுத்து, விரலால் சுழற்றினால் கடக் கடக்கென்று மூன்று இடத்தில் பிடிக்கும் அளவு வலுவான காந்தம் வேண்டாம். மெதுவாக ஓட்டும்போது அந்தப் பிடிப்பு குலுக்கலாக வெளிப்படும்.

தண்டவாளத்துக்கு வருவோம். ட்ரை-ஆங்கின் சூப்பர் 4 வகை இரும்பு. 1960-களில் சில என்ஜின்களில் மேக்னட்ஹீஷன் (Magnadhesion) என்று தனிக் காந்தம் வைத்து இந்த இரும்பைப் பற்றிக்கொள்ளும்படி செய்தார்கள். நீங்கள் நிக்கல் சில்வர் தண்டவாளத்துக்கு மாறினால் துரு தொல்லை போகும், ஆனால் அந்தப் பிடிப்பும் போகும். ஈடாக ஈயத் தகட்டை ஓட்டும் சக்கரங்களுக்கு நேர் மேலே வையுங்கள். எவ்வளவு வைக்கலாம்? என்ஜினைக் கையால் பிடித்து 12 வோல்ட் கொடுத்தால் சக்கரம் வழுக்கிச் சுழல வேண்டும். சுழலாமல் நின்றால் எடை அதிகம். பெட்டிகள் சிக்கிக்கொள்ளும் முதல் நாளிலேயே ஆர்மேச்சர் கருகும்.

பழைய சக்கரங்களின் விளிம்பு ஆழமானது, இரு சக்கரங்களின் உட்பக்க இடைவெளி பெரும்பாலும் 14 மில்லிமீட்டருக்கும் குறைவு. இன்றைய பாயிண்ட்ஸ்கள் (தடம் பிரியும் இடங்கள்) சுமார் 14.4-ஐ எதிர்பார்க்கின்றன. ஆகவே கோட் 75 தண்டவாளம் (கோட் எண் தண்டவாளத்தின் உயரத்தைக் குறிக்கும்) உங்களுக்கு ஒத்துவராது. உயரமான கோட் 100 எடுங்கள். பாயிண்ட்ஸில் ஏறி இறங்கும் பெட்டிகளுக்கு உலோகச் சக்கரம் மாற்றுவது நல்லது. பிளாஸ்டிக் சக்கரம்தான் பாதி அழுக்கைத் தண்டவாளமெங்கும் பூசுகிறது. தேய்க்க எஃகு நார் பயன்படுத்தாதீர்கள், துகள் நேரே காந்தத்துக்குப் போய் ஒட்டும்.

வட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் வேகம் குறைந்தால் என்ஜினில் குறை இல்லை. ஓடும்போது எதிர்ப்பக்கத் தண்டவாளத்தில் வோல்ட் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் இறங்கியிருந்தால் அங்கே இன்னொரு ஜோடி வயரைப் பற்றவையுங்கள். தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் இணைப்புத் தகடுகளை நம்ப வேண்டாம்.

ரயில் செட்டோடு வந்த பழைய பவர் யூனிட்டை மட்டும் தயவுசெய்து பிளக்கில் செருகாதீர்கள். உள்ளே ரப்பர் உறை போட்ட வயர் இருந்தால் அது உதிர்ந்து, வீட்டு மின்சாரம் உலோகக் கூட்டுக்கே வரலாம். 12 வோல்ட் நேர்மின்னோட்டம், 1 ஆம்பியர், ஷார்ட் ஆனால் தானே துண்டித்துக்கொள்ளும் புதுக் கண்ட்ரோலர் போதும். எல்லாம் மாட்டியதும் பெட்டி எதுவுமின்றி அரை வேகத்தில் முன்னும் பின்னும் அரை மணி நேரம் ஓட்டி, புது பிரஷ் கம்யூட்டேட்டரின் வளைவுக்குப் படிந்த பிறகு மீட்டரை ஒருமுறை பாருங்கள். அதன்பின் நான்கு பெட்டியை மாட்டலாம்.