கேபினெட் முகப்புக்கு ஸ்ப்ரே பெயின்ட்: கேள்வி பதில்

கணினி கேபினெட்டின் பிளாஸ்டிக் பாகங்களுக்கு வீட்டிலேயே பெயின்ட் அடிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. முன்பக்க முகப்பு, டிரைவ் மூடி, பவர் பட்டன் எல்லாம் இதில் அடக்கம். கம்ப்ரசர், கன் இல்லாமல் ஸ்ப்ரே கேன் வைத்து அடிப்பவர்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, என் கேபினெட் என்ன பிளாஸ்டிக் என்றே தெரியவில்லை. எல்லாப் பிளாஸ்டிக்கிலும் பிடிக்கும் என்று சொல்லிக் கடையில் ஒரு கேன் கொடுக்கிறார்கள். நம்பி அடிக்கலாமா?

பதில்: முதலில் முகப்பைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். பிளாஸ்டிக்கின் வகைப் பெயர் ஏபிஎஸ் (ABS), எச்ஐபிஎஸ் (HIPS), பிபி (PP) என்று ஏதாவது ஒன்றாக, வழக்கமாக ஆங்கில எழுத்தில் புடைப்பாக இருக்கும். பெரும்பாலும் ஏபிஎஸ்தான், சாதாரண பிளாஸ்டிக் பிரைமரே (நிறத்துக்கு அடியில் அடிக்கும் பூச்சு) அதில் நன்றாகப் பிடிக்கும். எச்ஐபிஎஸ் என்றால் பெயின்டில் உள்ள தின்னர் அதைச் சீக்கிரம் அரிக்கும், அதனால் முதல் இரண்டு கோட்டும் மிக மெல்லியதாக இருக்கட்டும். பிபி என்றால் அட்ஹீஷன் ப்ரமோட்டர் (பிடிப்பைக் கூட்டும் அடிப்பூச்சு) அடிக்காமல் வேறு எதை அடித்தாலும் பிற்பாடு தோலாக உரிந்து வரும்.

கேனைவிடக் கழுவுவதுதான் முக்கியம். அச்சிலிருந்து பாகம் சுலபமாகக் கழன்று வரப் பூசும் மெழுகு பிளாஸ்டிக்கின் மேல் ஒட்டியிருக்கும். பாத்திரம் கழுவும் திரவம், வெதுவெதுப்பான தண்ணீர், பழைய டூத்பிரஷ் கொண்டு மூலை முடுக்கெல்லாம் தேயுங்கள். காய்ந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒருமுறை துடையுங்கள். என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர், அசிட்டோன் இரண்டும் பக்கத்திலேயே வரக்கூடாது, ஏபிஎஸ்ஸைக் கரைத்துவிடும். துடைத்த பிறகு வெறும் கையால் தொடாதீர்கள்.

கேள்வி: சார், முகப்பு முழுக்கச் சொரசொரப்பான டெக்ஸ்சர். அதை வழவழவென்று ஆக்க முடியுமா? எந்த நம்பர் பேப்பரில் ஆரம்பிக்க வேண்டும்?

பதில்: முடியும். மொத்த வேலையில் பாதி இதுதான் என்று தெரிந்து இறங்குங்கள்.

320 நம்பர் வாட்டர் பேப்பரில் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) ஆரம்பிக்கலாம். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்டுத் தேய்த்தால் பேப்பர் அடைக்காது. விரலால் அழுத்தித் தேய்க்க வேண்டாம். விரல் போன வழி பள்ளமாகிவிடும், பளபளப்பு ஏறிய பிறகுதான் அது கண்ணில் படும். கெட்டியான ரப்பர் துண்டிலோ மரக்கட்டையிலோ பேப்பரைச் சுற்றிக்கொள்ளுங்கள். டெக்ஸ்சர் முழுவதையும் எடுக்கத் தேவையில்லை; மேடுகள் தட்டையாகி, பள்ளங்கள் ஊசிமுனைப் புள்ளிகளாக மிஞ்சினால் போதும். மிச்சத்தை சர்ஃபேசர் நிரப்பும்.

சர்ஃபேசர் என்பது தடிமனாக நிற்கும் பிரைமர். 3 கோட் அடியுங்கள், நடுவில் 10 முதல் 15 நிமிட இடைவெளி. ஒரு நாள் காயட்டும். பிறகு ஏதாவது கருப்பு ஸ்ப்ரேயை ஒன்றரை அடி தள்ளிப் பிடித்து, சாம்பல் நிற பிரைமர் மேல் அங்கங்கே தெரியும்படி லேசாக விசிறுங்கள். பெயின்டிங் பட்டறைகளில் இதற்குப் பெயர் கைடு கோட். இப்போது 400, அடுத்து 600 பேப்பரால் தேயுங்கள். மேடான இடத்தில் கருப்பு உடனே போய்விடும், பள்ளத்தில் தங்கும். கருப்பு தங்கிய இடம்தான் இன்னும் சமமாகாத இடம். தொட்டுப் பார்த்து "சரியாகிவிட்டது" என்று நினைத்த முகப்பில்கூட, கருப்புத் தூவினால் நாலைந்து பள்ளம் வெளியே வரும். இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

தேய்க்கும்போது பிளாஸ்டிக் வெளியே தெரிந்துவிட்டால் அந்த இடத்துக்கு மறுபடி பிரைமர் போடுங்கள். இல்லாவிட்டால் அந்த விளிம்பு நிறத்துக்கு அடியில் வளையமாகத் தெரியும். மூலைகளில்தான் இது அதிகம் நடக்கும், அங்கே கை லேசாக இருக்கட்டும்.

ஆழமான கீறல் இருந்தால் 180 பேப்பரால் சொரசொரப்பாக்கி, இரண்டு பாகம் கலக்கும் பாடி பட்டி (பள்ளத்தை அடைக்கும் பசை) வையுங்கள். 100 கிராம் பட்டிக்கு அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் 2 கிராம். டியூபில் வரும் என்சி பட்டி சிறு ஊசித்துளைகளுக்கு மட்டும்தான். தடிமனாக வைத்தால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். சில வாரத்தில் சுருங்கிப் பள்ளம் விழும்.

கேள்வி: பெயின்ட் கேனிலேயே பிரைமரும் சேர்ந்தது என்று போட்டிருக்கிறது. தனி பிரைமர் வாங்க வேண்டுமா?

பதில்: டெக்ஸ்சரை அப்படியே வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் மாற்றுவதென்றால் வேண்டாம். வழவழப்பு வேண்டுமென்றால் வாங்கத்தான் வேண்டும், அந்தக் கேனால் பள்ளத்தை நிரப்ப முடியாது. மஞ்சள், சிவப்பு அடிப்பவர்கள் வெள்ளை பிரைமர் எடுங்கள். அந்த நிறங்கள் சாம்பலை எளிதில் மறைக்காது. ஒரு முகப்புக்கு பிரைமர், நிறம், கிளியர் (நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு) மூன்றிலும் 400 மில்லி கேன் ஒவ்வொன்று தாராளம்.

கேள்வி: நடுவில் ஆரஞ்சுத் தோல் மாதிரி வருகிறது, ஓரத்தில் வழிகிறது. ஒரே கேன், ஒரே கை. ஏன் சார்?

பதில்: நடுவில் தூரம் அதிகம், ஓரத்தில் கை நிற்கிறது. தூரம் கூடினால் துளிகள் வழியிலேயே பாதி காய்ந்து வந்து விழும், ஒன்றோடொன்று சேர்ந்து பரவாது. ஓரத்தில் கையைத் திருப்பும்போது நாஸிலை அழுத்தியபடியே இருந்தால் அங்கே இரண்டு மடங்கு விழுந்து வழியும்.

கேனுக்குள் குண்டு உருளும் சத்தம் கேட்ட பிறகும் 2 நிமிடம் குலுக்குங்கள். 20 முதல் 25 செ.மீ. தூரம். பாகத்துக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, மறுபக்கம் வெளியே போய் விடுங்கள். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் பாதியை மூடட்டும். முதல் கோட்டில் அடிநிறம் தெரியத்தான் செய்யும், மூடப் பார்க்காதீர்கள். மூன்றாவது கோட்டில் மூடினால் போதும். வழிந்துவிட்டால் ஈரத்தில் துடைக்க வேண்டாம். நன்றாகக் காயவிட்டு 800 பேப்பரால் சமப்படுத்தி மேலே ஒரு கோட் கொடுங்கள். மெட்டாலிக் நிறமென்றால் நிறக் கோட்டைத் தேய்த்து அப்படியே விடக்கூடாது, திட்டுத் திட்டாகத் தெரியும். அதில் வழிந்தால் தேய்த்த பிறகு அந்த முகம் முழுவதற்கும் நிறம் அடிக்க வேண்டும்.

கேள்வி: சென்னையில் நவம்பர் மழையில் கருப்பு அடித்தேன். காய்ந்ததும் வெள்ளையாகப் புகை படிந்தாற்போல ஆகிவிட்டது. பெயின்ட் கெட்டுப்போனதா?

பதில்: பெயின்ட் நன்றாகத்தான் இருக்கிறது. தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பெயின்டில் நீர் படிந்து வெளுக்கும். ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நாளில் கேனை எடுக்காதீர்கள். மழை விட்ட நாளில், காலை 11 மணிக்கு மேல், நிழலில் அடியுங்கள். வெளுத்ததை 800 பேப்பரால் லேசாகத் தேய்த்து, வெயிலடிக்கும் நாளில் மெல்லிய கோட் ஒன்று அடித்தால் கருப்பு திரும்பிவிடும்.

கேள்வி: நேற்று மாலை எனாமல் ஸ்ப்ரே அடித்தேன். இன்று காலை இரண்டாவது கோட் போட்டவுடன் சுருங்கிச் சுருங்கி வந்துவிட்டது. என்ன செய்ய?

பதில்: எனாமல் மேலே ஆடை கட்டி, உள்ளே பல மணி நேரம் மென்மையாகவே இருக்கும். அந்த நேரத்தில் புது கோட்டின் தின்னர் ஆடைக்குள் புகுந்து அதை ஊதச் செய்கிறது, போக இடமில்லாமல் சுருங்குகிறது. அதனால்தான் கேனில் "1 மணி நேரத்துக்குள், இல்லையென்றால் 48 மணி நேரத்துக்குப் பின்" என்பது போலப் போட்டிருப்பார்கள். எண்கள் கேனுக்குக் கேன் மாறும், படித்துவிட்டு அடியுங்கள். எனாமல் மேல் என்சி லேக்கர் அடித்தாலும் இதே கதிதான். இப்போது ஒரு வாரம் காயவிட்டு, சுருங்கிய இடத்தை 400 பேப்பரால் கெட்டியான அடி வரும்வரை எடுத்து, பிரைமரிலிருந்து தொடங்குங்கள். மேலேயே அடித்து மறைக்கப் பார்த்தால் மறுபடி சுருங்கும்.

கேள்வி: அடித்தவுடன் சின்னச் சின்ன வட்டமாகப் பெயின்ட் விலகுகிறது. இரண்டு முறை தேய்த்து அடித்தும் அதே இடம்.

பதில்: காரணம் சிலிக்கோன், டேஷ்போர்டு பாலிஷில் இருக்கும் வழுக்கும் பொருள். டேஷ்போர்டு பாலிஷ் போட்ட துணியால் என்றைக்கோ துடைத்திருந்தாலும் போதும். காய்ந்தபடி தேய்த்தால் அது இன்னும் பரவும். முதலில் மெழுகு, கிரீஸ் எடுக்கும் திரவத்தால் துடையுங்கள். ஒவ்வொரு முறையும் புதுத் துணி. திரவம் தொட்ட துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். அதன் பிறகே பேப்பர்.

கேள்வி: பெயின்ட் அடித்த பின் பவர் பட்டன் உள்ளே போய் மாட்டிக்கொள்கிறது.

பதில்: பிரைமர், நிறம், கிளியர் எல்லாம் சேர்ந்து 0.1 மி.மீ.க்கு மேல் தடிமன் வரும். பட்டனின் ஓரத்தில் அவ்வளவு, துளையின் உள்சுவரில் அவ்வளவு என்றால் 0.2 மி.மீ. இடைவெளி காலி. பட்டனின் முகத்துக்கு மட்டும் முழுப் பூச்சு கொடுங்கள். பக்கச்சுவரில் ஒரு மெல்லிய நிறக் கோட் போதும், துளையின் உள்சுவரை மாஸ்கிங் டேப்பால் மூடிவிடுங்கள். யுஎஸ்பி துளைகளுக்கும் எல்இடி ஒளி வரும் பிளாஸ்டிக் துண்டுக்கும் இதேதான். இப்போது மாட்டிக்கொண்டதை 600 பேப்பரால் சுவரில் மட்டும் தேய்த்தால் சரியாகும்.

கேள்வி: 2கே கிளியர்தான் உறுதி என்கிறார்கள். வீட்டு பால்கனியில் அடிக்கலாமா அண்ணா?

பதில்: உறுதி என்பது உண்மை. கேனின் அடியில் உள்ள குமிழை அழுத்தியதும் ஹார்ட்னர் கலந்து, ரசாயனமாகவே இறுகுகிறது. காய்ந்த பின் ஆல்கஹால் துடைத்தாலும் மங்காது. ஆனால் அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமாவை வரவழைக்கும், வாசனையால் எச்சரிக்கவும் செய்யாது. துணி மாஸ்க், தூசு மாஸ்க் எதுவும் தடுக்காது. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜும் (ரசாயன ஆவியை உறிஞ்சும் வடிகட்டி) பெயின்ட் துளிகளைத் தடுக்கும் ஃபில்டரும் உள்ள மாஸ்க், கண்ணாடி, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருக்கும் பால்கனி இதற்கான இடமே இல்லை. மேசைக்கு அடியில் நிற்கும் கேபினெட்டுக்குச் சாதாரண அக்ரிலிக் கிளியர் 3 கோட் போதும் என்பேன். பளபளப்பு கூட வேண்டுமானால், கிளியர் ஒரு வாரம் காய்ந்த பிறகு 1500, 2000 பேப்பரில் ஈரத்தேய்ப்பு, பிறகு ரப்பிங் காம்பவுண்ட் (மெருகேற்றும் பசை). மேட் கிளியரை மட்டும் தேய்க்க வேண்டாம், தேய்த்த இடம் பளபளத்துத் தனியாகத் தெரியும்.

கேள்வி: எப்போது மாட்டிப் பயன்படுத்தலாம்? வெயிலில் காருக்குள் வைத்தால் சீக்கிரம் காயுமா?

பதில்: பூட்டிய காருக்குள் வேண்டாம். அந்தச் சூட்டில் மெல்லிய கொக்கிகளும் நீளமான முகப்பும் வளையலாம், வளைந்தால் கேபினெட்டில் சரியாக உட்காராது. நிழலில் காற்றோட்டமாக வையுங்கள். அக்ரிலிக் என்றால் 7 நாள், எனாமல் என்றால் 3 வாரம். உள்விளிம்பில் நகத்தை அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் இன்னும் காயவில்லை. மாட்டிய முதல் மாதம் ஈரத்துணியால் மட்டும் துடையுங்கள், ஸ்டிக்கர் எதுவும் ஒட்ட வேண்டாம்.