1958-இல் ராஜா ஏது?

கேள்வி: அத்லெடிக் பில்பாவோ கால்பந்துக் கிளப் 1958-இல் ஸ்பெயின் கோப்பையை வென்றபோது வந்த முக்கோணக் கொடி என்று ஒன்று இணையத்தில் விற்பனைக்கு இருக்கிறது. மேலே 'அத்லெடிக் கிளப்', கீழே 'கோபா தெல் ரே 1958' என்று எழுதியிருக்கிறது. ஒரு தரகர் 14,000 ரூபாய்க்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். ஆனால் "25 கோப்பை வென்ற கிளப்" என்று அவர் அளப்பதுதான் இடிக்கிறது, நான் பார்த்த எல்லா இடத்திலும் 24 என்றே இருக்கிறது. எண்ணிக்கையிலேயே தப்பு செய்பவரை நம்பலாமா?

பதில்: எண்ணிக்கையில் அவர் தப்பு செய்யவில்லை. அவர் உங்களிடம் சொன்னதிலேயே சரியான விஷயம் அநேகமாக அந்த 25 ஒன்றுதான். பொய் இருப்பது கொடியில். பணம் இன்னும் அனுப்பவில்லை என்றால் அனுப்பாதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள், கீழே சொல்வதை அப்படியே அவருக்கு அனுப்பிவைக்கலாம்.

கோபா தெல் ரே என்றால் ராஜாவின் கோப்பை. 1958-இல் ஸ்பெயினில் ராஜா ஏது? பதின்மூன்றாம் அல்போன்சோ 1931-இல் நாட்டை விட்டுப் போனார், அடுத்த ராஜா ஹுவான் கார்லோஸ் அரியணை ஏறியது 1975-இல். நடுவில் குடியரசு நடந்தபோது அது ஜனாதிபதி கோப்பை. உள்நாட்டுப் போர் முடிந்து சர்வாதிகாரி ஃபிராங்கோ ஆட்சியில் உட்கார்ந்த பிறகு அவருடைய பட்டப்பெயரில் ஜெனரலிசிமோ கோப்பை, 1976 வரை அதே பெயர்தான். 1958-இல் ஒருவர் கொடியில் 'ராஜா' என்று தைத்து பில்பாவோ தெருவில் விற்றிருந்தால் போலீஸ் கடைக்கே வந்திருக்கும்.

இரண்டாவது, கிளப்பின் பெயர். பிரிட்டனிலிருந்து வேலைக்கு வந்தவர்களும், அங்கே படித்துவிட்டு ஊர் திரும்பிய பில்பாவோ பையன்களும் பந்தைக் கொண்டுவந்து ஆரம்பித்த கிளப் அது (கிளப் சொல்லும் ஆண்டு 1898), அதனால் பெயர் ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டது. ஃபிராங்கோ ஆட்சிக்கு அந்நியச் சொல் ஆகாது. 1941-இல் அதை அத்லெட்டிகோ தெ பில்பாவோ ஆக்கினார்கள், பழைய பெயர் திரும்பி வந்தது 1972-இல்தான். ஆக 1958 பொருள் என்றால் 'அத்லெட்டிகோ' என்று இருக்க வேண்டும். உங்கள் கொடியில் இரண்டு பெயருமே இந்தக் காலத்துப் பெயர்கள்.

இதைச் சொன்னால் தரகர் உடனே "அது பின்னால் வந்த நினைவுப் பதிப்பு சார்" என்பார். இருக்கலாம், தப்பில்லை, ஆனால் அப்படியானால் அது 1958 கொடி இல்லை, அந்த விலையும் இல்லை.

இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள்தான் இதில் விழுகிறார்கள். 'அத்லெட்டிகோ' என்ற எழுத்தும் சிவப்பு வெள்ளைப் பட்டையும் இருந்தாலே பழைய பில்பாவோ கொடி என்று நினைத்து, அத்லெட்டிகோ மாட்ரிட் கொடியை வாங்கி வருபவர்கள் உண்டு. இரண்டும் ஒரே வேர்தான். மாட்ரிட்டில் இருந்த பாஸ்க் மாணவர்கள் (பில்பாவோ இருக்கும் பகுதிதான் பாஸ்க்) 1903-இல் தொடங்கிய கிளைதான் மாட்ரிட் கிளப், 1921 இறுதிப்போட்டியில் இரண்டும் மோதி பில்பாவோ 4-1 என்று ஜெயித்த கதையும் உண்டு. சின்னத்தைப் பாருங்கள், போதும். மரத்தில் கால் வைத்து நிற்கும் கரடி இருந்தால் மாட்ரிட். பாலமும் தேவாலயமும் இரண்டு ஓநாய்களும் இருந்தால் பில்பாவோ. நானே ஆரம்பகாலத்தில் ஒரு கரடியைக் காசு கொடுத்து வாங்கியவன், 'அசல் என உறுதி செய்யப்படுகிறது' என்று முத்திரை போட்ட சான்றிதழோடு. அந்தச் சான்றிதழை அடித்ததும் விற்றவரேதான், அது எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. சான்றிதழ் கொடுக்கிறார் என்பதற்காக மட்டும் யாரையும் நம்பாதீர்கள்.

சரி, 25-க்கு வருவோம். இங்கே எனக்குக் கோபம் தரகர் மேல் இல்லை, ஸ்பெயின் கால்பந்து சம்மேளனத்தின் மேல்.

1902 மே மாதம் அதே அல்போன்சோவின் முடிசூட்டு விழாவை ஒட்டி மாட்ரிட்டில் ஒரு போட்டி நடந்தது, ஐந்து அணிகள். பின்னாளில் உலகமே பார்க்கப்போகிற ரியல் மாட்ரிட், பார்சலோனா மோதலில் முதல் ஆட்டம் இந்தப் போட்டியில்தான் நடந்தது, பார்சா 3-1. இறுதியில் அந்த பார்சாவை 2-1 என்று வீழ்த்தியது 'பிஸ்காயா' என்ற அணி. அது யார் என்றால் பில்பாவோ நகரத்து இரண்டு கிளப்புகள், அத்லெடிக் கிளப்பும் பில்பாவோ எஃப்சியும், ஆளுக்குச் சிலரைக் கொடுத்துச் சேர்த்து அனுப்பிய கூட்டணி. அடுத்த வருடமே பில்பாவோ எஃப்சி அத்லெடிக்கோடு கலந்துவிட்டது. கோப்பை இன்றும் அத்லெடிக்கின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிளப் அதைத் தன் கணக்கில் சேர்க்கிறது, சம்மேளனம் சேர்ப்பதில்லை. அவ்வளவுதான் 24-க்கும் 25-க்கும் உள்ள வித்தியாசம்.

சேர்க்காததற்கு நியாயம் சொல்லலாம், கூட்டணி அணி, முடிசூட்டு விழாவுக்கென்று தனியாக நடந்த போட்டி என்று. ஆனால் அதே சம்மேளனம் 1904-ஐ எண்ணுகிறது பாருங்கள். அந்த வருடம் மாட்ரிட் அணிகள் தங்களுக்குள் 5-5 என்று சமனில் முடித்து, யார் முன்னேறுவது என்று தீர்க்க முடியாமல் நிற்க, முந்தைய வருட சாம்பியனான அத்லெடிக் ஒரு ஆட்டம் கூட ஆடாமல் கோப்பையை வாங்கிப் போனது. ஆடி ஜெயித்தது கணக்கில் இல்லை, ஆடாமல் வந்தது கணக்கில் உண்டு! 1910-இல் இரண்டு அமைப்புகள் சண்டை போட்டு இரண்டு போட்டி நடத்தின, சான் செபாஸ்தியானில் அத்லெடிக், மாட்ரிட்டில் பார்சலோனா ஜெயித்தன, அந்த இரண்டுமே செல்லும். 1937-இல் போருக்கு நடுவே லெவாந்தே வென்ற கோப்பைக்கு அங்கீகாரம் வர 2023 ஆனது, 86 வருடம். இந்த அழகில் ஒரு அட்டவணையை எடுத்துக்காட்டி "இதுதான் அதிகாரப்பூர்வம்" என்று யாராவது சொன்னால் நான் தலையாட்டிவிட்டு வேறு பேச்சு பேசுவேன்.

மற்ற பட்டங்களில் இவ்வளவு தகராறு இல்லை. லீக் எட்டு முறை, கடைசி 1984-இல், அந்த வருடமே மரடோனா ஆடிய பார்சாவை 1-0 என்று வென்று கோப்பையும். அப்புறம் இந்தக் கோப்பையில் 40 வருடம் வறட்சி, நடுவில் ஆறு இறுதிப்போட்டிகளில் தோல்வி. 2024 ஏப்ரலில் செவியாவில் மயோர்க்காவைப் பெனால்டியில் வென்றபோதுதான் 24 ஆனது, அல்லது 25. லீக் தொடங்கிய 1929-லிருந்து கீழ்ப் பிரிவுக்கே இறங்காத மூன்று கிளப்புகளில் இதுவும் ஒன்று, அதுவும் பாஸ்க் மண்ணில் பிறந்த அல்லது அங்கே ஆடி வளர்ந்த ஆட்டக்காரர்களை மட்டும் வைத்துக்கொண்டு.

1958 மேல் உங்களுக்கு ஏன் ஆசை என்று புரிகிறது. அப்போது ஐரோப்பிய சாம்பியனாக இருந்த ரியல் மாட்ரிட்டை அவர்கள் மைதானமான பெர்னபேவிலேயே 2-0 என்று அடித்த பதினொரு பேரை 'பதினொரு பட்டிக்காட்டான்கள்' என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தக் கொடி அசலாகக் கிடைத்தால் எனக்கும் வேண்டும்.

ஆனால் இந்தப் பதிலை உங்கள் தரகரும் படிப்பார். அடுத்த மாதம் 'அத்லெட்டிகோ' என்றும் 'ஜெனரலிசிமோ' என்றும் சரியாக எழுதி, பாலமும் ஓநாயும் போட்டு ஒரு கொடி வரும், விலையும் ஏறியிருக்கும். கொடியின் முன்பக்கம், பின்பக்கம், தையல் ஓரம் மூன்றுக்கும் கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள், யாரிடமிருந்து வாங்கினார் என்று எழுத்தில் கேளுங்கள். தர முடியாது, "வேறு ஒருவர் கேட்கிறார், சாயந்திரத்துக்குள் சொல்லுங்கள்" என்றாரானால் அந்த வேறு ஒருவரே வாங்கிக்கொள்ளட்டும். படம் வந்தால் வாங்குவதற்கு முன்னால் எனக்கு அனுப்புங்கள்.