பழைய எம்எக்ஸ்-5 வாங்கப் போகிறேன்: எதைப் பார்ப்பது, எப்படி விலை பேசுவது?

கேள்வி இது: "இங்கிலாந்தில் வேலை பார்க்கிறேன். பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றைத் தனியாரிடம் வாங்க ஆசை. 3,000 பவுண்டுக்குள் முடிக்க வேண்டும். நேரில் போய் எதைப் பார்ப்பது, எப்படிப் பேரம் பேசுவது?"

2023 நவம்பரில் இதே வண்டியை, துணிக் கூரையைத் திறந்து ஓட்டுகிற இந்தச் சின்ன இரண்டு இருக்கைக் காரை, கிட்டத்தட்ட இதே பணத்தில் வாங்கியவன் நான். மெக்கானிக் இல்லை, நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்காருகிற ஆள்தான். முதலில் பார்த்த வண்டியை வேண்டாம் என்று விட்டுவிட்டு, இரண்டாவதை வாங்கினேன். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துச் சொல்கிறேன்.

என் அப்பச்சி பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகும்போது என்னையும் கூட்டிப்போவார். அங்கே துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வேடிக்கை பார்க்கிற எனக்கு அதுதான் பெரிய விஷயமாகத் தெரியும். ஆனால் துண்டுக்குள் கை போவதே கடைசி இரண்டு நிமிடம்தான். அதற்கு முன்னால் அரை மணி நேரம் அவர் மாட்டைச் சுற்றி வருவார். பல்லைப் பிடித்துப் பார்ப்பார், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார், நாலு தப்படி நடக்க விடச் சொல்வார். தரகர் என்ன அளந்தாலும் "ம்" என்பதோடு சரி. கார் வாங்கும்போது எனக்கு உதவியது அந்த அரை மணி நேரம்தான், விரல் வித்தை இல்லை.

உங்கள் பணத்துக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் இரண்டாம் தலைமுறை வண்டி, 1998 முதல் 2005 வரை விற்றது. முகப்பு விளக்கு மேலே எழுந்து நிற்குமே, அது 1989இல் வந்த முதல் தலைமுறை. அதில் நல்லதெல்லாம் சேகரிப்பவர்கள் கைக்குப் போய் விலை ஏறிவிட்டது. இரண்டாம் தலைமுறையில் எஞ்சினைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். ஆயில் மாற்றி, டைமிங் பெல்ட்டை 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்றி வந்திருந்தால் அது பாட்டுக்கு ஓடும். இந்த வண்டிக்கு எமன் துருதான். குளிர்காலத்தில் இங்கே சாலையில் உப்பு கொட்டுகிறார்கள், அது அடியில் போய் ஒட்டிக்கொள்கிறது. போதாததற்கு, துணிக் கூரையில் விழும் மழைத் தண்ணீர் இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள இரண்டு குழாய்கள் வழியாக இறங்கித்தான் வெளியே போக வேண்டும். இலையும் தூசும் சேர்ந்து அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால், தண்ணீர் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதிக்குள் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும். இங்கே அதை 'சில்' என்கிறார்கள். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே அப்பளம் மாதிரி நொறுங்கிக்கொண்டிருக்கும்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே பாதி வேலை முடிந்துவிடும். பதிவெண்ணைக் கேட்டு வாங்கி, அரசுத் தளத்தில் எம்ஓடி (வண்டி சாலையில் ஓடத் தகுதியா என்று ஆண்டுதோறும் செய்யும் பரிசோதனை) வரலாற்றைப் பாருங்கள், இலவசம்தான். ஒவ்வொரு ஆண்டுப் பரிசோதனையிலும் எத்தனை மைல் காட்டியது, எதற்காகத் தேறவில்லை, எதை எச்சரித்தார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். மைல் கணக்கு ஒரு வருடம் திடீரென்று குறைந்திருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். "துரு" என்று தொடர்ந்து இரண்டு வருடம் எச்சரித்துவிட்டு, மூன்றாவது வருடம் அந்த வரி காணாமல் போயிருந்தால், வெல்டிங் செய்தார்களா, கறுப்புப் பூச்சை அப்பி மூடினார்களா என்று கேட்க வேண்டும். வண்டிமேல் கடன் பாக்கி இருக்கிறதா என்று ஒரு சின்னத் தொகை கட்டிப் பார்த்துவிடுங்கள். லண்டனுக்குள் ஓட்டுவதாக இருந்தால் யூலெஸ் (புகை அதிகம் விடும் வண்டிகளுக்கு லண்டனில் விதிக்கும் கட்டணம்) கட்டாமல் தப்பிக்கத் தேறுமா என்று அதே பதிவெண்ணைப் போட்டுப் பாருங்கள். 2023 ஆகஸ்டு 29 முதல் லண்டன் முழுவதற்கும் அது வந்துவிட்டது, தேறாத வண்டிக்கு ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு. 2006க்கு முந்திய வண்டிகளிலும் சில தேறும், அதனால் ஆண்டை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

இன்னொரு வேலையும் செய்தேன், பின்னால் பேரத்தில் அதுதான் கைகொடுத்தது. வெல்டிங் செய்கிறவர் ஒருவரையும் பக்கத்து மெக்கானிக்கையும் ஃபோனில் கூப்பிட்டு, சில்லின் பின்முனையை வெட்டி ஒட்ட எவ்வளவு, டைமிங் பெல்ட்டும் தண்ணீர் பம்பும் மாற்ற எவ்வளவு, பின் பிரேக் இறுகியிருந்தால் எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

பார்க்கப் போவது பகலில், மழை இல்லாத நாளாக இருக்கட்டும். நனைந்த பெயின்டில் எந்த வடுவும் தெரியாது. "நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனவுடன் பானெட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். நான் முதலில் பார்த்த சிவப்பு வண்டியில் கை வைத்தபோதே சுட்டது. "கழுவுவதற்காகக் கொஞ்சம் நகர்த்தினேன்" என்றார் விற்பவர். நகர்த்தினால் அவ்வளவு சூடு ஏறுமா? குளிர்ந்த எஞ்சின் முதல் உதறலில் எப்படிக் கிளம்புகிறது, புகை என்ன நிறத்தில் வருகிறது என்று நான் பார்க்கக் கூடாது என்பதுதான் விஷயம்.

அப்புறம் காந்தம். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம் போதும், பெயின்டில் கீறல் விழாமல் மெல்லிய துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். சிவப்பு வண்டியின் கதவுக்குக் கீழே முன்பாதியில் பசக்கென்று ஒட்டியது. பின்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் வந்ததும் வழுக்கி விழுந்தது. இரும்பே இல்லை, முழுக்க ஓட்டையை மறைக்க அப்பிய பட்டி. குனிந்து அடியில் டார்ச் அடித்தால் புத்தம் புதுக் கறுப்புப் பூச்சு, வாசனைகூடப் போகவில்லை. இருபது வயது வண்டியின் அடிப்பகுதி மட்டும் புதுப் பெண் மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். அவர் பின்னாலேயே வந்து 500 பவுண்டு குறைக்கிறேன் என்றார். அந்த வண்டிக்கு அது போதாது.

இந்தத் தலைமுறையில் இன்னும் ஓர் இடம் உண்டு, அதைப் பலர் பார்ப்பதில்லை. எஞ்சினுக்கு இருபுறமும் நீளவாக்கில் ஓடும் சேசிஸ் சட்டங்களின் முன்பகுதி. அங்கே தகடு இரட்டையாக இருப்பதால் துரு நடுவிலிருந்து கிளம்பும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தாலே உப்பலும் செதிலும் தெரியும். கையால் தட்டுங்கள். 'டங்' என்றால் நல்லது, 'பொத்' என்றால் வேறு வண்டி பாருங்கள். சில்லை வெட்டி ஒட்டிவிடலாம். இந்தச் சட்டமோ வண்டி எதிலாவது முட்டும்போது உங்களைத் தாங்க வேண்டிய எலும்பு, சரி செய்கிற செலவும் அதற்கேற்ப இருக்கும்.

கையில் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டு போங்கள். விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, கூரையை மூடிவைத்து, துணி உடலோடு சேரும் பின்மூலையில் மெதுவாக ஊற்றினால் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் கீழே சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் அது எங்கே போகிறது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். கால்மிதியைத் தூக்கிக் கம்பளத்தை அழுத்திப் பாருங்கள். டிக்கியிலும் ஈரம் இருக்கிறதா பாருங்கள், பேட்டரி இந்த வண்டியில் அங்கேதான் இருக்கிறது.

டயர் நிறையப் பேசும். நாலும் ஒரே நல்ல கம்பெனியாக இருந்தால் வண்டியை மதித்தவர் கையில் இருந்திருக்கிறது. நாலும் நாலு விதம் என்றால் மற்றதையும் அப்படித்தான் பார்த்திருப்பார். பக்கச் சுவரில் நாலு இலக்க எண் இருக்கும்: 2317 என்றால் 2017இல் 23ஆவது வாரம் செய்தது. டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் போயிருக்கிறது, அல்லது வண்டி எங்கோ அடிபட்டிருக்கிறது.

ஓட்டிப் பார்க்கும் முன் காப்பீடு. உங்களுடையது அடுத்தவர் வண்டிக்கும் செல்லும் என்று நினைத்துவிடாதீர்கள், ஒரு மணி நேரத்துக்குக்கூட ஃபோனிலேயே எடுக்கலாம். ஓட்டும்போது ரேடியோ வேண்டாம். நாலாவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதியுங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் சிலிப் ஆகிறது. குளிர்ந்திருக்கும்போது இரண்டாவது கியர் கொஞ்சம் அடம் பிடிப்பது இந்த வண்டியின் சுபாவம், சூடானதும் சரியாக வேண்டும். திரும்பி வந்ததும் நாலு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அதில் பிரேக் இறுகிக் கிடக்கிறது. (இதற்குள் சிரிப்பு வந்திருக்கும் உங்களுக்கு. பெரிய குதிரைத்திறன் உள்ள வண்டி இல்லைதான், ஆனால் தரையோடு உட்கார்ந்து, கூரையைத் திறந்துவிட்டு ஓட்டும்போது இருக்கிற சுகம் தனி. அந்தச் சிரிப்பை விற்பவர் முன்னால் காட்டாதீர்கள்.)

இனி பேரம். "லாஸ்ட் பிரைஸ் என்ன?" என்று குறுஞ்செய்தி அனுப்பாதீர்கள். பார்க்காத வண்டிக்கு விலை கேட்கிற ஆளை யாரும் மதிப்பதில்லை. நான் வாங்கியது ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம். விளம்பரத்தில் 3,250 பவுண்டு. ரசீதுகளை வருட வாரியாக அடுக்கி ஒரு கோப்பு வைத்திருந்தார், பாதி முடிவு அதைப் பார்த்ததுமே எடுத்துவிட்டேன். சுற்றிப் பார்த்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை குறை எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை, தாளில் குறித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அவரே தேநீர் கொடுத்து, "என்ன நினைக்கிறீர்கள்?" என்று ஆரம்பித்தார்.

தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். இடது சில் பின்முனை வெல்டிங் 400. 68,000 மைல் ஓடியிருக்கிறது, டைமிங் பெல்ட் மாற்றிய ரசீது அந்தக் கோப்பிலும் இல்லை, அது 350. இடது பின் பிரேக் 120. பின்டயர் இரண்டும் பழசு, 160. மொத்தம் 1,030. வண்டி மோசம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் பதினொரு வருடம் வைத்து ஓட்டியது, குழந்தையைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும். நன்றாக வைத்திருக்கிறீர்கள், இது மட்டும் எனக்குச் செலவாகும் என்றேன்.

ஆயிரத்தையும் அப்படியே கழித்து விட மாட்டார்கள். அந்த வயது வண்டிக்குக் கொஞ்சம் வேலை இருக்கும் என்பது விளம்பர விலையிலேயே அடக்கம். அதனால் 2,400 என்று தொடங்கினேன். டயர் இன்னும் ஓடும் என்று தாளில் அதை மட்டும் கோடு போட்டு அடித்தார். பெல்ட்டையும் சில்லையும் அவரால் மறுக்க முடியவில்லை. 2,900 என்றார். நான் 2,650 என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். நம்மவர்களுக்கு இங்கேதான் பொறுமை போய்விடும், மௌனம் சங்கடமாக இருக்கிறதென்று நாமே விலையை ஏற்றிவிடுவோம். அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். நவம்பர், மழை தூறத் தொடங்கியிருந்தது. திறந்த கூரை வண்டியை அந்த மாதத்தில் கேட்டு வருபவர்கள் குறைவு, அவருக்கும் அது தெரியும். 2,700க்கு முடிந்தது. மே மாதமாக இருந்திருந்தால் எனக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் வாசலில் நின்றிருப்பார்கள்.

பணம் கொடுக்கும் முன் வி5சி என்கிற வண்டிப் பதிவு ஆவணத்தில் உள்ள முகவரியும் நீங்கள் நிற்கிற வீடும் ஒன்றா, அதிலுள்ள சேசிஸ் எண்ணும் வண்டியிலுள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். அது உரிமைக்குச் சான்று ஆகாது என்று அதிலேயே அச்சிட்டிருக்கும், ஆகவே விற்பவர் கையெழுத்துடன் தனி ரசீதும் எழுதி வாங்குங்கள். புதியவருக்கான பச்சைச் சீட்டை வாங்கிக்கொண்டு, அதிலுள்ள எண்ணை வைத்துச் சாலை வரி கட்டிவிட்டு ஓட்டுங்கள். 2014 அக்டோபரிலிருந்து பழைய உரிமையாளர் கட்டிய வரி வண்டியோடு வருவதில்லை. விளம்பரத்தைப் படம் பிடித்து வையுங்கள். டீலரிடம் வாங்கினால் பெரிய கோளாறுக்கு 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு, தனியாரிடம் அது இல்லை. விவரித்தபடி வண்டி இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் முக்கியமான பிடி, விவரித்ததற்கு அந்தப் படம்தான் சாட்சி.

இவ்வளவு பார்த்த நான் ஒன்றைக் கோட்டை விட்டேன். சக்கரத்துக்கு ஒன்றாகத் திருட்டுத் தடுப்பு நட்டு போட்டிருந்தது. அதைக் கழற்றத் தனிச் சாவி வேண்டும், கேட்கத் தோன்றவே இல்லை. மூன்றாவது மாதம் ஒரு பஞ்சர். டிக்கியில் மாற்றுச் சக்கரம் இருந்தது, ஜாக்கி இருந்தது, அந்தச் சாவி மட்டும் இல்லை. வண்டியைத் தூக்கிக்கொண்டு போய், நாலு நட்டையும் உடைத்து எடுக்கக் கடைக்காரர் 80 பவுண்டு வாங்கினார். அன்று மாலை பெரியவரை ஃபோனில் கேட்டேன். "அட, தோட்டக் கொட்டகையில் ஆணி டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்தேனே" என்றவர், மறுநாளே தபாலில் அனுப்பிவிட்டார். அது இப்போது என் மேசையில் தாள் பறக்காமல் இருக்கக் கிடக்கிறது.