வாசகர் கேள்வி–பதில்: பார்க் ஸ்கீயை எந்த நீளத்தில் வாங்குவது?

குதிப்பு மேடுகளும் இரும்பு ரெயில்களும் அமைத்த டெரெய்ன் பார்க்கில் ஓடுவதற்கான ஸ்கீகளைப் பற்றி இம்முறை நான்கு கடிதங்கள் வந்திருப்பதால், இந்த இதழின் பக்கத்தை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது, உயரம் 162 சென்ரிமீற்றர், எடை 50 கிலோ. மூன்று பனிக்காலமாக ஸ்கீ ஓடுகிறான். இந்த ஆண்டு சனிக்கிழமைதோறும் கொலிங்வுட் புளூ மவுண்டனில் பார்க் ஓடப்போகிறான். கடைக்காரர் 156 போதும் என்கிறார். மகன், தனக்குப் பிடித்த வீரர் ஓடும் 172தான் வேண்டும் என்கிறான். அவனுடைய அப்பா, வளரும் பிள்ளைதானே, மூன்று வருடம் பாவிக்கக்கூடிய நீளத்தில் எடுப்போம் என்கிறார். யார் சொல்வது சரி?
— ஒரு தாய், மார்க்கம்

பதில்: கடைக்காரர் சொல்வதே சரி, சகோதரி. பார்க் ஸ்கீயின் முன்நுனியைப் போலவே அதன் வாலும் மேல்நோக்கி வளைந்திருக்கும். பின்பக்கமாக ஓடவும் பின்பக்கமாகத் தரையிறங்கவும் அது வேண்டும். இதைத்தான் ட்வின் டிப் என்கிறார்கள். மைக் டக்ளஸ் உள்ளிட்ட கனடிய இளைஞர்கள் சிலர் வடிவமைப்பில் பங்கெடுக்க, சலமோன் நிறுவனம் 1998இல் வெளியிட்ட டென்எய்ட்டி என்ற ஸ்கீதான் இந்த வடிவத்தை உலகெங்கும் பரப்பியது. இரு முனையும் வளைந்திருப்பதால், ஸ்கீயில் அச்சிட்டிருக்கும் நீளத்தைவிடப் பனியில் உண்மையாகப் படியும் நீளம் குறைவு. ஆகையால், சாதாரணச் சரிவுக்கான ஸ்கீயை நாடிக்கும் மூக்குக்கும் இடைப்பட்ட உயரத்தில் எடுப்பவர், பார்க் ஸ்கீயை மூக்குக்கும் உச்சந்தலைக்கும் இடைப்பட்ட உயரத்தில் எடுக்கலாம். உங்கள் மகனுக்கு அது ஏறத்தாழ 150இலிருந்து 162 வரை வரும். எடை 50 கிலோதான் என்பதாலும் பார்க்குக்குப் புதியவன் என்பதாலும், 155க்கும் 158க்கும் இடையில் நிற்பதே நல்லது.

172ஐ நான் மறுப்பதற்குக் காரணம் உயரம் மட்டுமல்ல. ஒரே மாடலில் நீளம் கூடும்போது பெரும்பாலும் விறைப்பும் கூடும். மேட்டின் விளிம்பில் ஸ்கீயை அழுத்தி வளைத்து, அது நிமிரும் வேகத்தில்தான் மேலே எழும்புகிறோம். 50 கிலோ எடைக்கு வளையாத ஸ்கீ அவனைத் தூக்கிவிடாது. நுனியிலும் வாலிலும் கூடும் ஒவ்வொரு சென்ரிமீற்றரும் காற்றில் சுழலும்போது காலைப் பின்னுக்கு இழுக்கும். அவனுக்குப் பிடித்த வீரர் மிகப் பெரிய மேடுகளை மிகுந்த வேகத்தில் தாண்டுகிறவர். அந்த வேகத்தில் ஆடாமல் தரையிறங்க அவருக்கு நீளம் தேவைப்படுகிறது. புளூ மவுண்டனின் செங்குத்து உயரம் மொத்தமே 219 மீற்றர். அங்கே புதியவர்களுக்கான பகுதியில் இருப்பவை சிறு மேடுகளும், மேலே ஏறி வழுக்கிச் செல்வதற்கான தாழ்வான பெட்டிகளும்தான்.

அப்பாவின் கவலை எனக்கு நன்றாகப் புரிகிறது, ஏனெனில் அதே கணக்கை நானும் போட்டிருக்கிறேன். என் மகளுக்கு 12 வயதில், ‘அடுத்த வருடமும் உதவும்’ என்று ஒரு கடையில் சொன்னதைக் கேட்டு, அவளுடைய தலைக்கு மேல் ஒரு சாண் நிற்கும் ஸ்கீயை வாங்கினேன். பின்பக்கமாகத் திரும்பும்போதெல்லாம் ஒரு வாலின் மேல் மற்ற வால் ஏறும். விழுந்து எழுந்து, விழுந்து எழுந்து, தை மாதம் முடியுமுன் அவள் பார்க் பக்கமே போவதை நிறுத்திவிட்டாள். ஸ்கீ அவளுக்கு அளவானபோது அவளுடைய ஆசை போய்விட்டிருந்தது. வளர்த்திக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பணம்தான் தடை என்றால், ஒரு பருவத்துக்கு வாடகைக்கு எடுப்பதோ, நல்ல நிலையிலுள்ள பழையதை வாங்குவதோ மேல்.

கால் நிற்கும் நடுப்பகுதியின் அகலத்தையும் பாருங்கள். மழை பெய்து மறுநாள் கண்ணாடியாக இறுகும் ஒன்ராறியோப் பனியில், 80 முதல் 90 மில்லிமீற்றர் வரை அகலமுள்ள ஸ்கீ விளிம்பில் சட்டென்று நிற்கும். 100ஐத் தாண்டியவை ஆழமான புதுப்பனிக்கு உரியவை.

கேள்வி: எனக்கு 20 வயது, உயரம் 178, எடை 78 கிலோ. பெரிய குதிப்புகளில் ஆர்வமில்லை. ரெயிலும், வாலை அழுத்தித் தரையிலேயே சுழலும் ‘பட்டர்’ வித்தைகளும்தான் பிடிக்கும். மென்மையான ஸ்கீ எடுக்கவா? பூட்ஸை ஸ்கீயோடு பிடித்து வைக்கும் பைண்டிங்கை நட்டநடுவில் பூட்டலாமா?
— ஒரு மாணவர், பிரம்ரன்

பதில்: நுனியும் வாலும் மென்மையாக, காலடி மட்டும் சற்று விறைப்பாக உள்ளதைத் தேடுங்கள், தம்பி. முழுவதும் மென்மையான ஸ்கீ 60 கிலோ எடையுள்ளவருக்கு இன்பம். உங்கள் எடைக்கு, வேகமாக வந்து இறங்கும்போது வால் மடங்கி உங்களைப் பின்னால் சாய்த்துவிடும். கடையில் வாலைத் தரைவிரிப்பில் ஊன்றி, நுனியை ஒரு கையால் பிடித்து, மறு உள்ளங்கையால் நடுவில் அழுத்திப் பாருங்கள். எந்த இடத்திலிருந்து வளையத் தொடங்குகிறது என்பது கைக்கே தெரியும். இரண்டு மூன்று மாடல்களை அடுத்தடுத்து இப்படி அழுத்தினால், பெட்டியில் எழுதியிருக்கும் ‘விறைப்பு 6’, ‘விறைப்பு 7’ என்ற எண்களைவிட அதிகம் புரியும், ஏனெனில் அந்த எண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். நீளம் 170 முதல் 174 வரை போதும். ரெயிலுக்குச் சற்றுக் குட்டையானதே சுலபம்.

பைண்டிங் விடயத்தில் அவசரப்படாதீர்கள். நட்டநடுவில் பூட்டினால் முன்னும் பின்னும் ஒரே நீளம் கிடைக்கும், சுழல்வதும் பின்பக்கமாக ஓடுவதும் இயல்பாக வரும். ஆனால் காலுக்கு முன்னால் உள்ள பகுதி குறுகிவிடுவதால், சாதாரணச் சரிவில் வேகமெடுக்கும்போது நிலை குலையும், பங்குனி மாத ஈரப்பனியில் நுனி புதையும். நாளில் பாதியைப் பார்க்குக்கு வெளியே கழிப்பவர் என்றால், நடுவிலிருந்து 2 அல்லது 3 சென்ரிமீற்றர் பின்னால் பூட்டச் சொல்லுங்கள். ஒருமுறை துளையிட்டபின் மனம் மாறினால், புதிய துளைகள் பழையவற்றிலிருந்து ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றராவது தள்ளி அமைய வேண்டும். ஆகவே நினைத்தபடியெல்லாம் நகர்த்த முடியாது. ரெயிலில் சிக்காமலிருக்க விளிம்பை மழுக்குவதையும் காலடிக்கு நேரே உள்ள பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முழு நீளமும் மழுக்கிய ஸ்கீயால் இறுகிய பனியில் நின்று பிடிக்க முடியாது.

கேள்வி: பழைய பார்க் ஸ்கீ ஒன்று பைண்டிங்கோடு மலிவாகக் கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
— ஒரு தந்தை, ஸ்காபரோ

பதில்: ஸ்கீயைக் கவிழ்த்து வைத்து, காலடிக்கு நேரே உள்ள இரும்பு விளிம்பில் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். ரெயிலில் ஓடிய ஸ்கீயில் மயிரிழைபோல வெடிப்புகள் இருக்கும், நகம் அவற்றில் இலேசாகத் தட்டும். விளிம்பு தன் இடத்தில் உறுதியாக இருக்குமானால் ஒன்றிரண்டு வெடிப்புகளுக்காகத் தள்ளிவிட வேண்டியதில்லை. விளிம்பு வெளியே துருத்தியிருந்தாலோ, அடித்தகட்டுக்கும் அதற்கும் இடையில் இடைவெளி தெரிந்தாலோ, பக்கச்சுவர் அடுக்கு பிரிந்திருந்தாலோ விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். உள்ளே ஈரம் இறங்கி மரம் உப்பிவிடும். பழைய துளைகளையும் எண்ணுங்கள்: இரண்டு முறைக்கு மேல் பூட்டிய ஸ்கீயில் திருகாணி பிடிக்கப் போதிய மரம் மிஞ்சாமல் போகலாம்.

பைண்டிங்கில் விட்டுக்கொடுக்காதீர்கள். உற்பத்தி நிறுவனம் ஆதரவை நிறுத்திவிட்ட பழைய மாடல்களைக் கடைகள் சரிசெய்துதர மறுக்கும். நடப்பதற்கு வசதியாக வளைந்த ரப்பர் அடியான கிரிப்வோக் கொண்ட, இப்போது பரவலாகியுள்ள பூட்ஸ்கள் எல்லாப் பழைய பைண்டிங்குகளுக்கும் பொருந்துவதில்லை. விழும்போது பூட்ஸ் எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பது எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், ஓடும் விதம் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடப்படுவது. ‘பார்க்கில் கழன்றுவிடுகிறது’ என்று பிள்ளைகள் தாங்களே திருகாணியை இறுக்கிவிடுகிறார்கள். அப்படி இறுக்கிய பைண்டிங் கழலாதபோது முறிவது முழங்காலும் கீழ்க்காலும்தான். பயிற்சி பெற்ற ஒருவர் கருவியில் வைத்துச் சோதித்துத் தந்தபின் அதில் கை வைக்க வேண்டாம்.

கேள்வி: 12 வயது மகளுக்குப் பெண்களுக்கான மாடல்தான் வாங்க வேண்டுமா?
— ஒரு வாசகி, ஏஜக்ஸ்

பதில்: கட்டாயமில்லை. பெண்களுக்கான பார்க் ஸ்கீகள் பல, ஆண்களுக்கான அதே அச்சில் வேறு நிறத்தில் வருபவை. சிலவற்றில் மரக்கட்டை சற்று இலேசாக இருக்கும், அது எடை குறைந்த சிறுமிக்கு உதவலாம். 2014இல் சோச்சியில், ரெயில்களிலும் குதிப்பு மேடுகளிலும் வித்தை காட்டும் ஸ்கீ ஸ்லோப்ஸ்டைல் போட்டி முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றபோது, பெண்கள் பிரிவின் தங்கத்தை 19 வயதில் வென்றவர் நம் ஒன்ராறியோவின் ஹன்ட்ஸ்வில் ஊரைச் சேர்ந்த டாரா ஹவல் என்பதை மகளிடம் சொல்லுங்கள். பிறகு இரண்டு அடுக்கிலிருந்தும் அவளுடைய மூக்களவுக்குச் சற்று மேலான ஸ்கீயை ஒவ்வொன்றாக எடுத்து, அவளையே நடுவில் அழுத்திப் பார்க்க விடுங்கள். அவளுடைய கைக்கு வளைகிற ஸ்கீயை வாங்குங்கள்.